மாடிவீட்டு டீச்சர் சொன்ன நாலு வரி

மாடிவீட்டு டீச்சருக்குப் பைத்தியமா? யார் சொன்னது, அந்தக் கோடிவீட்டுக்காரியா? அவள் வாயில் அடுப்புச் சாம்பலைத்தான் அள்ளிப் போட வேண்டும். நீ இந்தத் தெருவுக்குக் குடிவந்து முழுசாக ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் உன் காதில் ஊதிவிட்டாள் பார். சுவரோடு பேசுகிறவர் என்று சொல்லியிருப்பாளே? சொல்லியிருப்பாள், எனக்குத் தெரியும். பேசினார்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. எந்தச் சுவரோடு, எதற்காகப் பேசினார் என்று அவளுக்குத் தெரியுமா? அந்த முருங்கைக்கீரையை இப்படித் தள்ளு, நானும் உருவுகிறேன். கை சும்மா இருந்தால் எனக்குப் பேச்சு வராது.

டீச்சர் என் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார். காலேஜில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். சொந்த ஊர் நாசரேத். வேதக்காரக் குடும்பம்தான், ஆனால் நம்மைப் போல மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள் இல்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டேன். நான் கேட்காமல் விடுவேனா? "நேரம் இல்லாமப் போச்சு அக்கா" என்றார். கல்யாணம் பண்ண நேரம் இல்லாமல் போகுமா? அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. ஊரில் உள்ள பாட்டையெல்லாம் பிரித்து வைக்கிற வாய், தன் கதை என்றால் மூடிக்கொள்ளும்.

ஆமாம், பாட்டைப் பிரிப்பதுதான் அவருக்கு வேலை, சாப்பாடு, பொழுதுபோக்கு எல்லாம். நண்டைக் கடித்து, காலை உடைத்து, ஓட்டின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிற சதையைக்கூட விடாமல் எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறாய் இல்லையா? அந்த மாதிரி. சினிமாப் பாட்டு, தாலாட்டு, கோயில் பாட்டு எதையும் சும்மா கேட்கத் தெரியாது. "இங்க எதுக்கு இந்தச் சொல்லைப் போட்டான்? வேற சொல்லா இல்ல?" என்று ஆரம்பித்துவிடுவார்.

நான் மொட்டைமாடியில் நெத்திலி காயப்போடுவேன். அவர் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மறுநாள் வகுப்புக்குச் சத்தமாகப் படிப்பார். எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது. பஸ்ஸில்கூட போர்டைப் பார்த்து ஏறமாட்டேன், டிரைவர் முகத்தைப் பார்த்துத்தான் ஏறுவேன். ஆனால் காது நன்றாகக் கேட்கும். ஒருநாள் காக்கை விரட்டிக்கொண்டே கேட்டேன், "என்ன டீச்சர், அந்தப் பிள்ள ஏன் இப்பிடிச் சுத்தி வளச்சிப் பேசுதா?"

அது ரொம்பப் பழைய பாட்டாம். கடற்கரை மணலில் ஒரு பெண் உட்கார்ந்து தோழியிடம் பேசுகிறாள். போனவன் வரவில்லை. அதைச் சொல்லமாட்டாள். காற்று மாறிவிட்டது என்பாள், பக்கத்தில் எவனோ வலை காயப்போட்டிருக்கிறான் என்பாள். டீச்சர் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"யாரு பேசுதா, யார்ட்டப் பேசுதா, எதைச் சொல்லாம விடுதா. இந்த மூணையும் கேட்டாப் போதும் அக்கா. எந்தப் பாட்டும் வாயைத் தெறந்துரும்."

"இதுக்கா காலேஜுல சம்பளம் குடுக்காவ? நம்ம குழாயடியில தெனமும் நடக்குறதுதான. 'என்னளா, ரெண்டு நாளா ஒங்க வீட்டுல மீன் கொதிக்கிற வாசமே காணுமே'ன்னு ஒருத்தி கேட்டா, ஒம் புருசன் கையில காசு இல்லையான்னுல்லா அர்த்தம்?"

டீச்சர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. மறுநாள் வகுப்பில் அதையே சொன்னாராம். பிள்ளைகள் எல்லாம் குழாயடி குழாயடி என்று கத்தினார்களாம். அன்றிலிருந்து எனக்கு மாடியில் ஒரு காபி உண்டு. நல்ல காபி இல்லை, சிக்கரித் தண்ணி. இருந்தாலும் குடிப்பேன்.

இன்னொரு நாள், பல்லுக்கு முத்து என்று ஒரு பாட்டில் வந்தது. நான் முகத்தைச் சுளித்தேன். என் அப்பா சங்கு குளித்தவர். எனக்கு நினைவு தெரிகிற வயசில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. கரையில் சிப்பியைக் குவித்துப் போட்டு அழுக விடுவார்கள். அந்த வாடை இருக்கிறதே, ஒரு வாரம் சோறு இறங்காது. "முத்துன்னு சொன்னா எனக்கு அந்த நாத்தம்தான் டீச்சர் வருது. பொம்பளப்பிள்ள பல்லைப் போயி அதோட சேக்கலாமா?" என்றேன். டீச்சர் தலையைச் சாய்த்து யோசித்தார். "நாத்தத்தைக் கழுவிட்டு வந்ததைத்தான அக்கா முத்துன்னு கையில குடுக்கான்? புலவன் வேலையும் அதான். கழுவுன தண்ணி எங்க போச்சுன்னு நம்மதான் தேடணும்" என்றார். எப்படி மடக்கினார் பார்த்தாயா?

புதுப் பாட்டும் படிப்பார். அதுதான் எனக்கு ஒத்துக்கொள்ளாது. பழைய பாட்டுக்கு நாற்காலிக் கையில் விரலால் தட்டுவார், துடுப்புப் போடுகிற மாதிரி கணக்காக விழும். புதுசுக்குத் தட்டவே முடியாது. யாரோ ஒரு மாணவன் எழுதியதை ஒருநாள் படித்தார். துறைமுகத்தில் கிரேன் பெட்டியைத் தூக்குகிறதாம், அந்த நிழலில் ஒருத்தன் சோறு தின்கிறானாம். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

"இதுல என்ன டீச்சர் பாட்டு இருக்கு? இப்பிடின்னா நானும் சொல்லுவேன். கேஸ் தீந்துட்டு. ஆளு வரல. எப்பிடி?"

"நல்லாருக்கே. அந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன அக்கா இருக்கு?"

"என்ன இருக்கும்? பசிதான் இருக்கும்."

"அதை நீங்க சொன்னீங்களா?"

"சொல்லல."

"அப்ப அதான் கவிதை."

நான் கீழே வந்து என் வீட்டுக்காரரிடம், நானும் பாட்டுக் கட்டிவிட்டேன் என்று பீற்றிக்கொண்டேன். "மொதல்ல கேஸுக்குச் சொல்லி விட்டியா?" என்று கேட்டார் அந்த மனுசன்.

சுவருக்கு வருகிறேன். நம் தெரு முனையில், கோயில் காம்பவுண்டை ஒட்டிய நீளச் சுவரைப் பார்த்திருப்பாய். ஊரில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி அங்கேதான் ஒட்டுவார்கள். படம் போட்டு, பேர் போட்டு, கீழே நாலு வரிப் பாட்டு. டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கினால் வெயிலோ மழையோ, அங்கே நிற்காமல் வரமாட்டார். ஒவ்வொன்றாகப் படிப்பார், விரலால் காற்றில் தட்டுவார், சண்டை போடுவார். "ஆலமரம் சாஞ்சுட்டுங்கான். இவரு ஒல்லியா இல்ல இருந்தாரு? நேத்து செத்தவருக்கும் ஆலமரம், இன்னைக்கு இந்தப் பிள்ளைக்கும் ஆலமரமா?" என்று வாய்விட்டுக் கேட்பார். கோடிவீட்டுக்காரி பார்த்தது இதைத்தான்.

பொறுக்காமல் ஒருநாள் அச்சாபீசுக்கே போய்விட்டார். நானும் கூடப் போனேன், வேடிக்கை பார்க்க ஆள் வேண்டாமா? அச்சாபீஸ் அண்ணாச்சி நல்ல மனுசன், கோபப்படவில்லை.

"டீச்சர், வாரவங்க ஒரு போட்டோவும் கண்ணுல தண்ணியுமா வாராவ. சாயங்காலத்துக்குள்ள சொவத்துல ஒட்டணும்ங்காவ. நான் எங்கன போயி ஆளுக்கொரு பாட்டுக் கட்ட? இருக்குறதுல பேரை மாத்திப் போட்டு விடுதேன். அவ்வளவு வெசனமா இருந்தா நீங்க கட்டிக் குடுங்க."

அதற்குப் பிறகு அண்ணாச்சியே ஆட்களை மாடிக்கு அனுப்ப ஆரம்பித்தார். வந்தவர்களுக்கு நான் தண்ணீர் கொடுப்பேன். டீச்சர் எதிரில் உட்கார்ந்து கேட்பார். அவர் நல்லவரா, பெரியவரா என்றெல்லாம் கேட்கமாட்டார். செருப்பை எங்கே கழற்றிப் போடுவார், கோபம் வந்தால் முதலில் என்ன செய்வார், எந்தப் பாத்திரத்தில் குடித்தால்தான் தண்ணீர் இறங்கும், இப்படிக் கேட்பார். அழுதுகொண்டு வந்தவர்கள் அழுகையை மறந்து சொல்வார்கள். சிலபேர் சிரித்துக்கூட இருக்கிறார்கள்.

எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது என்று சொல்லமாட்டேன். டீக்கடைக்காரர் ஒருத்தர் செத்துப்போனார். அவர் பெண்சாதி சொன்னதைக் கேட்டு, சீனி கூடிவிட்டது என்று இனி என்னை யார் ஏசுவார் என்கிற மாதிரி டீச்சர் எழுதினார். அந்த அம்மாள் அச்சாபீசிலேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். மகன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? படியேறி வந்து சத்தம் போட்டார்கள். "எங்கப்பாவை ஏசுறவருன்னு ஊரு பூரா ஒட்டிட்டீங்களே டீச்சர்!" டீச்சர் அவர்களுக்கும் அந்த மூன்று கேள்வியைச் சொல்லப் பார்த்தார். எடுபடவில்லை. அந்தக் காகிதத்தின் மேலேயே ஆலமரம் சாய்ந்ததை ஒட்டிவிட்டுப் போனார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், என் முன்னால் சொல்லவும் மாட்டார்கள். எனக்கு மகள் ஒருத்தி என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய்? ஒரு பையனும் இருந்தான். ஜெரோம்.

என் வீட்டுக்காரர் தோணியில் தண்டல். தண்டல் என்றால் தோணிக்கே தலைவர், கேப்டன் மாதிரி. காய்கறி, சிமெண்டு, கல்லு என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போவார்கள். அவருக்கு மூட்டு வலி வந்து கரையில் உட்கார்ந்த பிறகு பையன் போக ஆரம்பித்தான். நல்ல உயரம். டீச்சருக்குக் குடிதண்ணீர் அவன்தான் மாடிக்குத் தூக்குவான், குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு சொட்டுச் சிந்தாமல் ஏறுவான். ஏறினால் இறங்கமாட்டான், அங்கேயே உட்கார்ந்து அந்தச் சிக்கரித் தண்ணியைக் குடித்துவிட்டு வருவான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். மணப்பாட்டில் ஒரு இடம் கூடி வந்தது.

ஒரு ஐப்பசியில் போன தோணி வரவில்லை. காற்று வந்தது. அவ்வளவுதான் எல்லாருக்கும் தெரியும். கூடப்போனவர்களில் ஒருத்தரும் வரவில்லை, ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. கடலில் போனவன் உடல் கிடைத்தால் அழுது முடிக்கலாம். கிடைக்காவிட்டால் என்ன செய்வாய்? சோறு வடிக்கும்போது அவனுக்கும் சேர்த்து அரிசி போட்டுவிடுவேன். தெரிந்தே போடவில்லை, கை போட்டுவிடும்.

அடுத்த ஐப்பசி வந்தது. என் வீட்டுக்காரர் சொன்னார், "ஏளா, வருசம் திரும்பிட்டு. பூசை வைக்கணும். சொவத்துல ஒட்டணும். இல்லைன்னா பய ஆத்துமா அங்கனயும் இல்லாம இங்கனயும் இல்லாம நிக்கும்."

எனக்கு அது பிடிக்கவில்லை. சுவரில் ஒட்டினால் செத்தவன் ஆகிவிடுவான். ஒட்டும்வரை தோணியில் போனவன்தான். மனுசன் விடவில்லை. அவருக்கும் வேறு வழி இல்லை, பாவம், ராத்திரி பகல் வாசலைப் பார்த்தே கண் மங்கிப்போயிருந்தது. கடைசியில் நான் ஒன்று சொன்னேன். "சரி. ஆனா ஆலமரம் தீபம்னு ஒண்ணும் கூடாது. எம் பிள்ளைக்கு டீச்சர்தான் பாட்டுக் கட்டணும். அது வந்தாத்தான் ஒட்டணும்."

அதைப் போய்ச் சொன்னபோது டீச்சர் சரி என்றுதான் தலையாட்டினார். ஆனால் வரவில்லை. ஒவ்வொரு நாளாகத் தள்ளினார். அச்சாபீஸ் அண்ணாச்சி படத்தை வாங்கிப் போய்க் காத்திருந்தார். ஊரில் எவன் செத்தாலும் வீட்டாரை எதிரில் உட்கார வைத்துச் செருப்பைக் கேட்கிறவர், என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் படியேறினால் உள்ளே போய்விடுவார். எனக்குக் கோபம் வந்தது. மதியம் சாப்பிட்ட கையோடு ஏறிப்போனேன்.

"டீச்சர், கேளுங்க. அவன் பிறந்ததுல இருந்து சொல்லுதேன். எல்லார்ட்டயும் கேப்பீங்களே, எங்கிட்ட ஏன் கேக்க மாட்டேங்கிய?"

"எங்கிட்டயே இருக்கு அக்கா. எழுதத்தான் வரல."

"அப்ப எழுதாதீங்க. எழுதிக் குடுத்தாலும் நான் எவனையாவது கெஞ்சித்தான் படிக்கச் சொல்லணும். எம் பிள்ளைப் பாட்டை நான் ஏன் அடுத்தவன் வாயில கேக்கணும்? வாயால சொல்லுங்க. நான் மனசுல வச்சிக்கிடுதேன்."

கண்ணாடியைக் கழற்றினார். கழற்றிவிட்டுச் சொன்னார். நாலே வரி. அவர் சொன்னபடியே சொல்கிறேன் கேள்.

படி ஏறும்போது மட்டும் சீட்டி அடிப்பவன் நீ.
பாதியில் நிறுத்துவாய், மீதியை நான் முடிப்பேன்.

மூன்றாவது வரியை இப்போது கேட்காதே, அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். நாலாவது இது.

கதவு திறந்துதான் கிடக்கிறது, காற்றுக்காக.

கேட்டதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என் பிள்ளைக்கு என் பேரில் ஒட்டப்போகிற பாட்டு. அதில் நான் எங்கே இருக்கிறேன்? யாரு பேசுதா என்று அவர் சொல்லித் தந்ததுதானே. இந்தப் பாட்டில் நான் பேசவில்லை. படியின் கீழே நிற்கிறவள் நான். மேலே உட்கார்ந்திருக்கிறவர்தான் பேசுகிறார். அப்புறம் அந்தச் சீட்டி. ஏளா, உனக்குத் தெரியுமோ என்னவோ, தோணிக்காரன் வீட்டில் யாரும் சீட்டி அடிக்கமாட்டோம். காற்றைக் கூப்பிடுகிறதாக ஆகிவிடும். சின்ன வயசில் ஜெரோம் ஒருதடவை அடித்ததற்கு அவன் அப்பா இடுப்பு வாரைக் கழற்றிவிட்டார். அதற்குப் பிறகு என் வீட்டில் அந்தச் சத்தம் நான் கேட்டதில்லை.

"அவன் சீட்டி அடிச்சானா?"

"ஆமா அக்கா. தண்ணி கொண்டு வரும்போது. நாலு படி ஏறினப்பொறவு அடிப்பான், கீழ கேக்காம மெதுவா. பாதிப் பாட்டுல நிறுத்திருவான். நான் மேல இருந்து மீதியை அடிப்பேன்."

"நீங்களுமா அடிச்சீங்க?"

"ஆமா."

"ரெண்டு பேரும் சேந்து காத்தைக் கூப்பிட்டீங்களா? எங்க வீட்டு மாடியில உக்காந்துக்கிட்டு?"

அவர் இல்லை என்று சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன். அதெல்லாம் மூடநம்பிக்கை என்று படித்தவர்கள் சொல்கிற மாதிரி சொல்லியிருந்தால் சாமானைத் தூக்கி வெளியே போட்டிருப்பேன். ரெண்டையும் சொல்லவில்லை. "அதான் அக்கா எழுத வரல" என்றார். முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி ஒரு கயிறு போல ஆக்கிவிட்டார்.

அப்போதுதான் எனக்குக் கடைசி வரி உறைத்தது. காற்றுக்காகவா? ஐப்பசியில், சாரல் அறைக்குள் அடித்துப் பாயை நனைக்கிற மாசத்தில், எவள் காற்றுக்காகக் கதவைத் திறந்து போடுவாள்? ஒரு வருசமாக அந்தக் கதவு திறந்துதான் கிடந்தது, நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மழைத்தண்ணீர் உள்ளே போகுதே, வாடகைக்கு இருக்கிறவருக்குச் சொரணை இல்லையே என்று முனகியிருக்கிறேன்.

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. "என்ன பாட்டு டீச்சர் அடிப்பான்?" என்று கேட்டேன்.

சொல்லத் தயங்கினார். "வேண்டாம் அக்கா."

"சொல்லுங்கன்னா."

ஏதாவது நல்ல பாட்டாக இருக்கும், கோயில் பாட்டு, இல்லாவிட்டால் நான் அவனுக்குப் பாடிய தாலாட்டு என்று என் மனசு ஓடியது. டீச்சர் வாயைக் குவித்து ஊதிக்காட்டினார். சினிமாக் குத்துப்பாட்டு! தசராவுக்குக் குலசேகரன்பட்டினத்தில் மைக் செட்டில் போட்டு ஆடுவார்களே, அந்த மாதிரி. பெரிய படிப்புப் படித்தவர், ரெண்டாயிரம் வருசத்துப் பாட்டையெல்லாம் பிரிக்கிறவர், மாடிப்படி வாசலில் உட்கார்ந்து குத்துப்பாட்டில் மீதியை அடித்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. சிரித்துச் சிரித்து அது எப்போது அழுகையாக மாறியது என்று ரெண்டு பேருக்கும் தெரியாது. அந்த ஒரு வருசத்தில் அன்றுதான் நான் அழுதேன். பெற்றவளுக்குத் தெரியாத ஒரு ஜெரோமை அவர் வைத்திருந்தார், அன்றைக்குக் கொடுத்தார்.

இல்லை, அதைச் சுவரில் ஒட்டவில்லை. எப்படி ஒட்டுவேன்? என் வீட்டுக்காரர் படித்தால் சீட்டி என்ற சொல்லிலேயே உடைந்துபோவார். "ஆலமரத்தையே போடச் சொல்லுதேன் டீச்சர்" என்றேன். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. கோயிலில் நாம் மாதா பிரார்த்தனை சொல்கிறோமே, ஒருத்தர் சொல்லச் சொல்ல எல்லாரும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்போமே, அதைத் தெருவில் நின்று கேட்டிருக்கிறாராம்.

"அதுல புதுசா ஒரு சொல் வந்தாக் கூட்டம் தடுமாறிரும் அக்கா. ஒரே சொல்லு, எல்லார் வாயிலயும். இந்தச் சொவத்துப் பாட்டும் அப்பிடித்தான் போலருக்கு. நான் இத்தனை நாளு ஒத்தையா நின்னு ஏசிட்டேன்."

ஆலமரம் சாய்ந்தது. என் பிள்ளை படத்துக்குக் கீழே, எல்லாருக்கும் சாய்ந்த அதே ஆலமரம். பூசை வைத்தோம். வந்தவர்கள் படித்துவிட்டு அழுதார்கள். டீச்சர் சொன்னது சரிதான், அந்த நாலு வரி எல்லாரையும் அழவைத்தது. மற்ற நாலு வரி எங்கள் ரெண்டு பேருக்கும்.

சாயங்காலம் மாடிக்குப் போனால் ஒருதடவை சொல்லச் சொல்வேன். விரலால் தட்டிச் சொல்வார். கூடவே நானும் சொல்வேன். அப்படித்தான் மனப்பாடம் ஆனது. போனில் பிடித்து வைத்திருக்கலாமே பாட்டி என்று பேத்தி இப்போது கேட்கிறாள். அப்போது யாருக்கடி தோன்றியது? தினமும் மேலே இருக்கிற ஆளைப் போனில் பிடித்து வைப்பார்களா?

பிறகு என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். டீச்சர் ரிட்டயர் ஆனார். கொஞ்சம் கொஞ்சமாக மறதி வந்தது. முதலில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறப்பார், அது எனக்கும் உண்டு. ஒருநாள் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றவர், வீட்டுக்கு எப்படிப் போக வேண்டும் என்று அச்சாபீஸ் அண்ணாச்சியிடம் கேட்டிருக்கிறார். அண்ணாச்சி கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார். அண்ணன் மகன் நாசரேத்திலிருந்து காரோடு வந்தான். நல்ல பையன், குறை சொல்ல முடியாது. காரில் ஏறும்போது டீச்சர் என்னைப் பார்த்து, "வாரேன் அக்கா" என்றார். எல்லாரையும் அக்கா என்றுதான் சொன்னார் அன்றைக்கு, டிரைவரைக்கூட.

தினமும் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. நானாகச் சொல்லிக்கொள்வேன், பாத்திரம் தேய்க்கும்போது. ஒருநாள் தேய்த்துக்கொண்டே இருக்கிறேன், ரெண்டாவது வரியிலிருந்து நாலாவதுக்குத் தாவிவிட்டேன். திரும்ப முதலிலிருந்து வந்தேன். மறுபடி அதே தாவல். மூன்றாவது இல்லை. தண்ணீர் வரும் அதில், தெரியும். குடமா, தம்ளரா, அவன் தோளில் வழிகிறதா? ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பார்த்தேன். உட்காரவில்லை. நண்டு வளைக்குள் போனமாதிரி போய்விட்டது. பிள்ளையைத் தேடியதுபோலத்தான் தேடினேன், பொய் சொல்லவில்லை.

அதைக் கேட்கத்தான் நாசரேத்துக்குப் பஸ் ஏறினேன். டீச்சர் வராந்தாவில் நாற்காலியில் இருந்தார். முடியைக் கட்டையாக வெட்டிவிட்டிருந்தார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருந்தது. என்னைத் தெரியவில்லை. ஆனால் யாரோ தெரிந்தவள் என்று நினைத்துச் சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன், கையைப் பிடித்துக்கொண்டேன். "டீச்சர், ஒரு பாட்டுச் சொல்லுதேன் கேக்கியளா?" என்றேன். பாட்டு என்றதும் முகம் நிமிர்ந்தது பார்.

எனக்குத் தெரிந்த மூன்று வரியையும் சொன்னேன். மெதுவாக, அவர் சொல்கிற மாதிரியே. நாற்காலிக் கையில் அவர் விரல் தட்டியது. ஆள் போய்விட்டார், விரல் போகவில்லை.

"நல்லாருக்கு அக்கா. ரொம்ப நல்லாருக்கு. ஆனா எடையில ஒரு வரி விழுந்து போச்சே. ரெண்டாவதுக்கும் கடைசிக்கும் நடுவுல. தட்டுனாத் தெரியுது பாருங்க, இந்த எடத்துல பள்ளமா இருக்கு."

"அது என்ன வரி டீச்சர்? சொல்லுங்க. ஒங்களுக்குத் தெரியும்."

"எனக்கு எப்பிடி அக்கா தெரியும்?" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி. "கட்டுனவங்களைத்தான் கேக்கணும். யாரோ பிள்ளையைப் பறிகுடுத்த பொம்பளை கட்டிருக்கா. அவங்க இருக்காங்களா?"

"இருக்காவ டீச்சர்" என்றேன். "போய்க் கேக்கேன்."

அதற்கடுத்த மாசம் அவரும்... ஏளா, அது மோட்டார் சத்தமா? நல்ல தண்ணி வந்துவிட்டது, கேட்டாயா? விட்டால் இனி நாலு நாள் ஆகும். கீரையை அப்படியே வை, குடத்தை எடு, ஓடு ஓடு.